எட்டும் சிவப்பு

பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒன்றும் எரிவதில்லை.
வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால்
டாஷ்போர்டு மங்கி மங்கித் தெளிகிறது,
தூக்கத்தோடு போராடும் சுங்கச்சாவடிக் காவலன் மாதிரி.
எழுபத்தொன்பதாம் வருடத்து வோல்வோ.
ஒரூரோ சந்தையில் செவேரோ கோல்கேயிடம்
பாதி ரொக்கமும் பாதி உப்பு மூட்டையுமாய்க் கொடுத்து வாங்கினேன்.
"வயரிங் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், ஃபெர்மினா."
பின் பம்பர் நெளிவுக்கு, "லாமா முட்டியது."

ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
உயூனிப் பக்கத்துக் காற்று
கதவில் ரப்பர் போன இடமெல்லாம் நுழைகிறது.
எட்டு வயர். எட்டும் சிவப்பு.
ஹாரனுக்கும் சிவப்பு, எர்த்துக்கும் சிவப்பு.
நடுவே ஒரு முழம் மட்டும் பழுப்புத் துணி சுற்றியது:
இஸ்திரிப் பெட்டியின் வயர்.
யார் சட்டை அன்று கசங்கியே போனதோ.
ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
சாக்லேட்டின் வெள்ளித்தாள், நாலாக மடித்து.
ஒட்டுப்போட்ட மூட்டில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.

என் சோதனைக் கருவி
இருபத்துநாலு வோல்ட் பல்பு ஒன்று, அதற்கு இரண்டு வால்.
ஒன்றைச் சேசிஸில் கடிக்கவிட்டு
மற்றதால் தொட்டுத் தொட்டுப் போகிறேன்.
எரிகிறது.
எரிகிறது.
இங்கே இல்லை.
எர்த் போல்ட் துருவேறிக் கிடந்தது;
வீடு திரும்ப வழியில்லாத மின்சாரம்
பக்கத்துப் பல்பின் கொல்லை வழியாய்ப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.
இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினேன்.
டாஷ்போர்டு விழித்துக்கொண்டது.
பின்விளக்கு மட்டும் இன்னும் இருட்டு.

அப்புறம்தான் அந்த வயரைப் பார்த்தேன்.
அதுவும் சிவப்பே, ஆனால் சாணுக்குச் சாண் நூல் கட்டி,
மூட்டில் ஈயம் வழவழவென்று ஓடவிட்டு.
இந்த வண்டியில் அக்கறையாய்ச் செய்தது இது ஒன்றுதான்.
சாம்பல் கிண்ணத்துக்குப் பின்னால் போய்
ஒரு சுவிட்சில் முடிந்தது.
மேலே நகப்பாலிஷ் ஒரு பொட்டு, தடித்து,
இருட்டில் விரலுக்குத் தெரிகிறாற்போல.

தட்டினேன்.
பிரேக், பின்விளக்கு, நம்பர் பிளேட்
மொத்தமும் எரிந்து கொட்டகைச் சுவர் சிவந்தது.

பழுதில்லை. அணைத்து வைத்திருந்தார்கள்.
நிலா இல்லாத ராத்திரிகள், சிலி எல்லை,
ஒன்றன்பின் ஒன்றாய் விளக்கில்லாத லாரிகள்.
முன்னால் போகிறவன் மிதித்தது
பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

லாமா பின்னாலிருந்து முட்டுமா, செவேரோ?

சுவிட்சைக் கத்தரித்தேன்.
இரண்டு முனையும் ஒன்றை ஒன்று எட்டவில்லை.
பெட்டியைக் கிளறினேன்.
என்னிடம் இருந்த துண்டும் சிவப்புதான்.
ஒன்பதாவது.