தாழ்ப்பாள்

கட்டிலிலிருந்து கழிவறைக்குப்
பதினாறு எட்டு.
கொண்டை ஊசி வளைவு ஒன்றே ஒன்று,
ஃபிரிட்ஜ் ஓரம்.

ஏற்காடு வண்டியில் இருபத்தாறு வருஷம்
கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன்.
இப்போது வாக்கரின் நாலு காலையும்
நம்ப வேண்டியிருக்கிறது.

கிச்சிப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்
பிசியோ பரக்கத் நிஷா, செவ்வாயும் வெள்ளியும்.
"இழுக்காதீங்க சார், தூக்கி வைங்க."
இடது கைக்குப் புளியங்கொட்டை பொறுக்கும் உத்தியோகம்.
நேற்று ஒன்பது.

அமிர்தவல்லி சுவரில் பிடிகம்பி பதித்தாள்,
செலவைச் சொல்லவில்லை.
வெளியே நிற்காதே என்றேன்.
நிற்கவில்லை என்றது
கதவுக்கு அந்தப்பக்கம்
அவள் குரல்.

தாழ்ப்பாள் போடக்கூடாதாம்.
இன்று போட்டேன்,
இடது கையால்,
மூன்றாவது முயற்சியில்.

உள்ளேயிருந்து சொன்னேன்:
"ரைட், போலாம்."