இரண்டாக எண்ணப்படும் எழுத்து

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே, மின்வாரிய அலுவலகத்தில்
சுன்னிவா கடிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்,
பசையால் அல்ல, புள்ளியால்.
அன்புள்ள, புள்ளி, பெயர், புள்ளி, மீதிச் சேதி.
ஊரெல்லாம் வாக்கியத்தை முடித்துவைக்கும் புள்ளி
இந்த நிரல்மொழியில் சேர்த்துவைக்கிறது.
சேரும்போது எதுவும் தோன்றாது, திரியாது, கெடாது.
நடுவே ஓர் இடைவெளி வேண்டுமா,
அதையும் நீயேதான் வைக்க வேண்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
புயல் வருகிறது. வியாழன் இரவு மின்சாரம் நிற்கும்.

பழைய பட்டியல். பெயர்களின் ஓரத்தில்
யாரோ தட்டிவிட்டுப்போன வெற்றிடங்கள்;
சீவி எறிந்தாள்.
காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் உடைத்தாள்.
ஒரு பெயரில் கை நின்றது: எய்யுன்.
அவர்கள் எழுத்தில் ஐந்து. இயந்திரம் ஆறு என்றது.
நடுவில் தலையில் கோடு கிழித்து நிற்கும் எழுத்தை
இந்தத் தீவுகளில் யாரும் ஒலிப்பதில்லை.
வாய் விழுங்கிவிடுவதை
இயந்திரம் இரண்டு பைட் என்று எண்ணுகிறது.
மூன்றில் வெட்டினால் பாதி எழுத்து கையோடு வரும்,
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாய்.
கத்தியை மாற்றினாள்.

ஆறேகால். கால்சோய்க்குக் கடைசிப் படகு.
இத்தனை புள்ளி எதற்கு, ஒரே வரியில் எழுதுவோம் என்று
இரட்டை மேற்கோள் போட வேண்டிய இடத்தில்
ஒற்றை போட்டாள்.
இரட்டைக்குள் மாறி அவிழ்ந்து ஆளாகும்.
ஒற்றைக்குள் போட்டது போட்டபடி கிடக்கும்.

காலையில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் படித்தன:
"அன்புள்ள $பெயர்,"

தொலைபேசி ஓயவில்லை.
"$பெயர் பேசுகிறேன்" என்று சிரித்தார் மீன் ஆலைக்காரர்.
மதியத்துக்கு மேல் குனோயிலிருந்து ஒரு பெண், மார்யுன்.
குறைசொல்ல அழைக்கவில்லை என்றாள்.
எய்யுன் போய்ப் பதினொரு மாதம்.
வங்கி அவனைக் கூப்பிடுகிறது, காப்பீடு கூப்பிடுகிறது,
நூலகம் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கேட்கிறது.
"நேற்று வந்ததுதான்
அவனைக் கூப்பிடாத முதல் கடிதம்.
அதனால் கடைசிவரை படித்தேன்.
டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிவிட்டேன்."

சுன்னிவா மேற்கோளைத் திருத்தினாள்.
மன்னிப்புக் கடிதம் போக வேண்டும், அதே நானூற்றுப் பன்னிரண்டுக்கும்.
எய்யுன் வரும் இடத்தில் மார்யுன் என மாற்று:
ஒரே வரிதான், தட்டியும் விட்டாள்.
அழுத்தும் முன் பட்டியலைப் பார்த்தாள்.
இன்னும் மூன்று எய்யுன்கள்,
ஒருவனுக்கு நாலு வயது மகள், இருவர் கடலில்.
வரியை அழித்தாள்.
முந்நூற்று எட்டாம் வரிசைக்குப் போய்
ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடித்தாள்.

மார்யுன். அவர்கள் எழுத்தில் ஆறு,
எல்லாமே ஒலிப்பவை.
பழக்கத்தில் நீளம் கேட்டாள்.
ஆறு, என்றது இயந்திரம்.
அதன் கணக்கில்
எதுவும் மாறவில்லை.