உள்தாழ்ப்பாள்

பதினோராம் வகுப்பு, தொழிற்பிரிவு.
முதுநகர்ப் பள்ளிக்குப் பின்னால்
பட்டறை என்றொரு தகரக் கொட்டகை.
கணக்கில் முப்பத்தாறு வாங்கிய நான்
பன்னிரண்டு முழக் கயிற்றை
மூன்று, நான்கு, ஐந்து என்று
முளையடித்து இழுத்தேன்.
செங்கோணம் வந்து நின்றது
கூப்பிடாமலே.

செய்முறைத் தேர்வுக்குக் கதவு ஒன்று.
எங்கள் கழிப்பறைக்கு
இரண்டு வருடமாய்க் கோணிச்சாக்குதான்.
அதற்கே செய்வோம் என்றேன்.
இன்பராசு கொஞ்ச நேரம்
அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு அளந்தான். நான் அறுத்தேன்.
சபீனா இழைப்புளி தள்ளினாள்;
அவள் முக்காடு முழுக்க
வேம்பின் சுருள்.

மாட்டிய மறுநாள் மழை.
துறைமுகக் காற்றைக் குடித்துக் குடித்து
மூன்று நூல் உப்பிவிட்டது கதவு.
மூடவும் மாட்டேன் திறக்கவும் மாட்டேன் என்று
பாதியில் நின்று முறைத்தது.
கழற்றினோம், சீவினோம், திரும்ப மாட்டினோம்,
விரலெல்லாம் சிராய்.

வெளித்தேர்வாளர் மூலைமட்டம் வைத்தார்,
கீலைத் தட்டினார்,
தாழ்ப்பாள் எங்கே என்றார்.
"உள்ளே இருக்கு சார்."
ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு.
எட்டு எதற்குப் போனதென்று
சபீனா இன்னும் கணக்குப் போடுகிறாள்.

மணியடித்தது.
ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி
ஓடிவந்து நுழைந்தாள்.
டக்.
இழுத்துப் பார்த்திருப்பாள் போல,
மறுபடியும்
டக்.