தொண்ணூறு நாள் தவணை

இந்தச் செங்கல் சுவர் செங்கல் இல்லை.
பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில்
பிஸ்கட் போல அறுத்து ஒட்டியது.
எனக்குத் தெரியும்,
இதற்கு இன்வாய்ஸ் அடித்தவள் நான்.
நாலாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு தினார்,
இருநூற்றைம்பது ஃபில்ஸ்.
செக் இரண்டு முறை திரும்பிவிட்டது.

ஹூராவில் ஒரு பழைய ஹோட்டலின் கீழ்த்தளம்.
போன வருடம் வரை கராவோகே.
இடித்து, பூசி, மங்கல் விளக்கு தொங்கவிட்டு
இப்போது கேஸ்ட்ரோ பப்.
வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற இடமாக்கும் என்று
டிரைவர் ஷம்சு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சாப்பிடுங்கள் மேடம், பிறகு பேசுவோம்."
மேனேஜர் டெரன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
போனவர் போனவர்தான்.

ஹமூர் மீன் மாவுச் சட்டை போட்டுக்கொண்டு
ஒரு மரப்பலகை மேல் வந்தது.
உருளைக்கிழங்குக்குத் தனியாக ஒரு தகர வாளி,
பொம்மைக் கிணற்றில் இறைக்கிற அளவில்.
பலகைக்கும் வாளிக்கும்
இந்த ஊரில் எங்கோ ஒருத்தி
நினைவூட்டல் கடிதம் அடித்துக்கொண்டிருப்பாள்.

மத்தியானம் டப்பாவைத் திறக்கவே இல்லை.
சல்மானியா, சீஃப், திரும்ப மனாமா,
பாக்கி கேட்டே தொண்டை காய்ந்த நாள்.
மீன் நன்றாக இருந்தது.
அதுதான் எரிச்சல்.
விரலில் ஒட்டிய மொறுமொறுப்பைக்கூட விடவில்லை,
கோப்பில் எண்ணெய் படாமல்
இடது கையால் பக்கம் புரட்டினேன்.

தண்ணீர் ஊற்ற வந்த பையன்
கோப்பின் தலைப்பை வாசித்துவிட்டான்.
சட்டையில் நிக் என்று பட்டை.
அம்மா வைத்த பேர் நிரோஜன், ஊர் மூதூர்.
ஜக்கைச் சாய்த்தபடியே கேட்டான்:
"உங்களுக்கும் தரேல்லையோ அக்கா?"

அந்த 'உம்'முக்குள்
மூன்று மாதம் இருந்தது.

பில் வந்தது, மேலே சிவப்பில் 'இலவசம்'.
டெரன்ஸை எனக்குத் தெரியும்.
நாளைக்குக் கணக்கு அனுப்பினால்
மீனைக் கழித்துக்கொண்டுதான் பதில் வரும்.
ஏழு தினார் எழுநூறு ஃபில்ஸை எண்ணி வைத்தேன்,
ரசீது கேட்டேன், முத்திரை கேட்டேன்,
முத்திரை சரியாக விழவில்லை, இன்னொருமுறை கேட்டேன்.

தட்டுக்கு அடியில் ஐந்து தினார் தனியாக.
நிரோஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை.
மேசையைத் துடைக்கிற சாக்கில் குனிந்து,
"முதலாளி வியாழன் இரவு ஒன்பதுக்குப் பிறகு வருவார்,
அந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிற மேசை.
நான் சொன்னதென்று சொல்லாதேங்கோ."
இன்வாய்ஸின் முதுகில்
பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது
கதவோரம் ஒரு செங்கல் வில்லை
மூலை பிரிந்து நின்றது.
பழக்க தோஷம், கட்டை விரலால் அழுத்தினேன்.
ஒட்டியது. கையை எடுத்ததும்
மெதுவாக மறுபடி வாயைத் திறந்தது.

பசை எங்கள் சப்ளை இல்லை.