பதின்மூன்றா, பதினைந்தா

இன்வர்கார்கில் மழையில் நனைந்தபடி
இரண்டு வண்டிகள்,
ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தவை.
ஒன்று பதின்மூன்றாம் வருஷத்து மாடல், மற்றது பதினைந்து.
நிறம் ஒன்றுதான்: அழுக்கு வெள்ளை.

"ரெண்டு வருஷம் புதுசு" என்று
பதினைந்தின் கூரையைத் தட்டுகிறான் லாக்லன்,
தர்பூசணி விற்பவனைப் போல.
நையரி உள்ளே ஏறிப் பொத்தானை அழுத்துகிறாள்.
ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்கிறது,
வணக்கமோ எச்சரிக்கையோ.
பேட்டரிக்குப் பன்னிரண்டு கட்டம். மீதி எட்டு.

பதின்மூன்றிலும் அதே குரல், அதே வாக்கியம்.
ஆனால் பதினொன்று.

எப்படி?
லாக்லன் தோளைக் குலுக்குகிறான்.
அவள் இரண்டையும் குடைகிறாள்.
புதியதில், வெயிலில் வெளிறிப் பிளந்த டாஷ்போர்டு,
மடித்துவைத்த வெயில் மறைப்பு.
பழையதன் இருக்கைக்கடியில்
பனி சுரண்டும் தகடு,
பிடி தேய்ந்து கட்டைவிரல் பள்ளம் விழுந்தது.

தன் தங்கையை நினைத்துக்கொள்கிறாள்.
நான்கு வயது இளையவள்,
இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று.

புளஃப் வீட்டிலிருந்து முதியோர் இல்லத்துக்கு
இருபத்தேழு கிலோமீட்டர், இரவுப் பணி,
திரும்பும்போது எதிர்காற்று.
போன வண்டியில் ஹீட்டர் போட்டால் வீடு தூரமாகிவிடும்.
ஆகவே கோட்டு, கம்பளித் தொப்பி,
மூச்சில் மங்கும் கண்ணாடியைத் துடைக்கப்
பழைய காலுறை.

"பழசுதானே, முந்நூறு குறை."
இருநூறு குறைந்தது.

அன்றிரவு கடலோரச் சாலையில்
ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள்.
குரல் மறுபடி ஏதோ சொன்னது.
"கியா ஓரா" என்றாள்,
தொப்பியைக் கழற்றிப் பின்னால் எறிந்தபடி.