பதினேழு நாள்

உசிலம்பட்டி அலுவலக ரொக்கப் பதிவேட்டை
மார்ச் முப்பத்தொன்று மாலை
சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டு முடித்தேன்.
கையிருப்பு: இல்லை.
மீந்ததைக் கருவூலத்துக்குத் திருப்பியாயிற்று.
மீந்தது என்றால் மீந்தது அல்ல,
கொசுப்புழு பார்க்கும் பெண்களின் மார்ச் மாதக் கூலி.
பட்டியலில் ஒரு கையெழுத்துக் குறைந்ததால்
மீதம் என்று பெயர் வாங்கிவிட்டது.

இரண்டு சுகாதார மாவட்டங்களும் இனி ஒன்று,
தலைமையிடம் மதுரை என்றது ஆணை.
எந்த நாளிலிருந்து என்பது மட்டும்
தனியே தெரிவிக்கப்படும்.
தெரிவித்தார்கள்,
ஏப்ரல் பதினெட்டிலிருந்து.

நடுவில் பதினேழு நாள்.
பழைய வங்கிக் கணக்கு மூடிவிட்டது.
புதியதைத் திறக்க இரண்டு கையெழுத்து வேண்டும்.
ஒன்றுக்குரிய டாக்டர் தில்ஷாத் பேகம்
மாற்றலாகித் தர்மபுரி போய்விட்டார்.
இன்னொன்றுக்கு ஆளே போடவில்லை,
நாற்காலி மட்டும் வந்து இறங்கியது
பிளாஸ்டிக் உறை பிரியாமல்.

ஒச்சம்மாள் வந்தாள்.
"சம்பளம் கேக்க வரல தாயி,
யாருகிட்டக் கேக்கணும்னு கேக்க வந்தேன்."
டார்ச்சுக்கு பேட்டரிக் கட்டை
அவளே வாங்கிப் போட்டிருந்தாள்.
"கீழப்புதூர்ல நாலு தொட்டி பாத்தேன்,
ரெண்டுல புழு. எழுதிக்கிருங்க."
எந்தப் பதிவேட்டில்?
காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதினேன்.

பன்னிரண்டாம் தேதி மதுரையில்
இடைக்கால ஆட்சிக்குழு.
கோப்புகளோடு நானும் கடைசி வரிசையில்.
நிதியைத் தலைக்கணக்கில் பிரிப்பதா, பரப்பளவிலா?
சாப்டூர் மலையடிவாரத்தில்
ஆட்களைவிடத் தூரம் அதிகம் என்று
யாரோ சொல்ல ஆரம்பித்து
மைக் வேலை செய்யாமல் உட்கார்ந்தார்.
பெயர்ப்பலகையில் எந்த ஊர் முதலில் என்பதற்கு
ஒன்றேகால் மணி நேரம்.
பொருள் ஒன்பது, தினக்கூலி,
அடுத்த கூட்டத்துக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது
அதற்கு மூன்று நாள் முந்தி நடந்தது.
ஒன்பதாம் தேதி ராத்திரி
கோடை மழையில் வேம்பு முறிந்து
மின்கம்பத்தில் விழுந்தது.
ஸ்டோரில் சேடப்பட்டிப் பிள்ளைகளுக்கான தடுப்பூசி.
ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை.
ஜீப்பும் அதற்குள் மதுரைக் கணக்குக்குப் போயிருந்தது.
டிரைவர் காசிமாயன்
மச்சான் வண்டியை வாங்கிக்கொண்டு
நனைந்தபடி இருபது லிட்டர் கொண்டுவந்தார்.
சொந்தக் காசு,
ஆயிரத்து எண்ணூற்று அறுபது.

பங்க்காரர் கையால் எழுதிய ரசீது.
இதை எங்கே ஏற்றுவது?
ஒரு பதிவேடு முடிந்துவிட்டது,
மற்றது பிறக்கவில்லை.
கண்காணிப்பாளர் நல்ல மனசோடுதான் சொன்னார்:
"ஒன்பதுக்கு முன்னால ஒரே ஒரு கோடு.
பத்தொன்பதாயிரும். முடிஞ்சது சோலி."
பேனாவைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

போடவில்லை.
யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்,
அதற்கு முந்தி எத்தனையோ கோடு போட்ட கைதான்.
பத்தொன்பதாம் தேதி
கரண்ட் இருந்தது, அவ்வளவுதான்.

தணிக்கையில் தடை எழுந்தது:
செலவுக்கு அதிகாரம் அளித்த அலுவலர் யார்?
பதிலோடு வெப்பநிலைத் தாளின் நகலை இணைத்தேன்.
ஒன்பது, இரவு எட்டு மணி: ஐந்து டிகிரி.
பத்து மணி: ஏழு.
பன்னிரண்டு: ஏழரை.
இரண்டு: ஐந்து.
பத்து, காலை: நான்கு.
எட்டைத் தொடவில்லை.
அலுவலர் பெயர் என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.

தடை இன்னும் நிலுவையில்.
ஒச்சம்மாளுக்கு ஜூனில் வந்தது,
மார்ச்சைத் தவிர.
மதுரையில் பலகை மாட்டிவிட்டார்கள்,
எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

காசிமாயன் மாதம் ஒருமுறை
கதவருகே நின்று கேட்கிறார்,
"அந்த ஆயிரத்து எண்ணூத்தி அறுவது என்னாச்சும்மா?"
கூச்சப்படாமல் கேட்கிறார்.
கேட்கட்டும்.