இசைக்கவை

பொர்சாங்கர் முகாமின் மருத்துவ அறையில்
ஹீட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன் இசைக்கவையை.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
குளிர்ந்த உலோகத்தைக் காலில் வைத்தால்
வலிக்குச் சுளித்தாளா குளிருக்குச் சுளித்தாளா
தெரியாமல் போய்விடும்.

ரிஸ்டன் தானாக வரவில்லை.
அறைத்தோழன் ஹோவர்ட் தள்ளிக்கொண்டு வந்தான்.
"ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து
இறங்குகிறாள், சார்ஜென்ட்."
"துரோகி" என்றாள் அவனை.
என்னிடம், "ஒன்றுமில்லை. பூட்ஸ் புதுசு."

பூட்ஸ் புதுசில்லை.
யாரோ ஒருவனின் பாதத்துக்குச் செய்தது.
மிச்ச இடத்தை இரண்டு ஜோடிக் காலுறைகளால் அடைத்திருந்தாள்.
இடுப்பெலும்பின் இருபுறமும்
முதுகுப்பை வார் தின்ற கறுப்பு.
பை இருபத்தெட்டு கிலோ, அவள் ஐம்பத்தைந்து.

இசைக்கவையை என் முழங்காலில் தட்டினேன்.
பெட்டிக்குள் அடைபட்ட வண்டின் ஒலி.
கணுக்காலில் தொடங்கி மேலே மேலே நகர்த்த
எலும்பு அதை வாங்கி அனுப்பியது,
நல்ல தண்டவாளம் ரயிலை அனுப்புவதுபோல.
நான்கு விரற்கடை ஏறியதும்
கூரையைப் பார்த்தாள்.
முகத்தில் ஒன்றுமில்லை, பழக்கியிருக்கிறாள்.
படுக்கையின் காகித விரிப்பு மட்டும்
குதிகாலடியில் கிழிந்தது.

"எத்தனை நாளாய்?"
"பதினொன்று." யோசிக்கவே இல்லை.
"கடைசி மாதவிலக்கு?"
இதற்கு விரல் விட்டு எண்ணினாள்.
செப்டம்பர்.
இப்போது ஜனவரி.
"நின்றது நல்லதாய்ப் போயிற்று.
கூடாரத்தில் எட்டுப் பேர், வெளியே போக ஒரு மண்வெட்டி.
உடம்பு புரிந்துகொண்டது என்று நினைத்தேன்."

புரிந்துகொள்ளவில்லை, பெண்ணே,
கணக்குப் பார்த்தது.
நீ நடந்ததற்கும் தின்றதற்கும் நடுவே
தினம் தினம் துண்டு விழுந்தது.
முதலில் ரத்தத்தை நிறுத்திப் பார்த்தது.
போதாமல்
எலும்பில் கைவைத்தது.

மாதவிலக்கு நான்கு மாதமாய் இல்லாதவள்
எட்டு வாரப் பணிவிலக்குக்கு அழுதாள்.
சனிக்கிழமை நாற்பது கிலோமீட்டர் அணிநடை.
போன வருடம் பெண்களில் ஏழு பேர் முடித்தார்களாம்.
ஒருத்தி குறைந்தால்
உணவுக்கூடத்தில் என்ன பேசுவார்கள் தெரியுமா என்றாள்.

தெரியும்.
என் இடது இடுப்பில் மூன்று திருகாணிகள்.
இருபத்திரண்டு வருடத்துக்கு முன்
நானும் ஒரு சனிக்கிழமையை முடித்தேன்.
சொல்லவில்லை.
சொன்னால் பதக்கத்தை மட்டும் காதில் வாங்குவாள்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
தயார். தயாரில்லை.
இரண்டாவதில் குறியிட்டுவிட்டு
ஓரத்து வெள்ளையில் நெருக்கி எழுதினேன்:
எலும்பு ஸ்கேன். இரும்புச்சத்து.
சாப்பிட நேரம் (இதை அடிக்கோடிட்டேன்).
பூட்ஸ், அளவு முப்பத்தெட்டு, குறுகலானது.
கிடங்குக்குப் போன் செய்தேன்.
ஏப்ரலுக்குள் பார்க்கலாம் என்றார்கள்.
எலும்பு அதற்கு முன்னே கூடிவிடும்.

ஊன்றுகோலை உயரம் குறைத்துக் கொடுத்தேன்,
கடைசித் துளைவரை.
கதவருகே கிடந்த அவள் பையை
ஹோவர்ட் தூக்கி முதுகில் போட்டான்.
எதையும் இழுக்கவில்லை, இறுக்கவில்லை.
'டக்'கென்று
பொருந்தியது இடுப்புப் பட்டை.
அவன் கவனிக்கவில்லை.
அவள் நின்று பார்த்தாள்.